ரெசின் சிலை: நிறம் பூசும் முன் ஈரத்தையும் தூசியையும் கவனியுங்கள்

குளிருக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டு, லயத்து அறைக்குள் ரெசின் சிலையின் துண்டுகளை, அதாவது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் போன்ற பாகங்களை, உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி மாவைவிட நைசானது. நுரையீரலின் அடிவரை போகும், போர்வையிலும் தங்கும். பிள்ளைகள் படுப்பதும் அதே அறையில்தானே? பேசினில் தண்ணீர் வைத்து, சாண்ட் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தால் தூசி எழும்பாது. 400ஆம் எண் பேப்பரில் தொடங்கி 600, 800 என்று நைசானதுக்குப் போங்கள். ரம்பத்தால் அறுக்கும்போதும் துளையிடும்போதும் என்95 முகக்கவசம் கட்டாயம். தேய்த்த தண்ணீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைக் கடதாசியில் வழித்துக் குப்பையில் போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் துண்டுகளைக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய வழவழப்பு மேலே ஒட்டியிருக்கும். அதன்மேல் அடித்த நிறம் பின்னால் தோலாக உரியும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் பிரஷ் போதும். மடிப்புகளுக்குள்ளும் தேயுங்கள். சிலையின் கையிலுள்ள வாளோ ஈட்டியோ வளைந்திருந்தால் அதை 60–70 பாகைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துங்கள். சூடு இல்லாமல் வளைத்தால் முறிந்துவிடும்.

கை, தலை போன்றவற்றைப் பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி நிறம் வைத்து மறுபக்கத்தோடு அழுத்தினால் துளையிட வேண்டிய இடம் பதிந்துவிடும். இரு பக்கமும் 1 மில்லிமீற்றர் துளை, 5 மில்லிமீற்றர் ஆழம், நடுவே பித்தளைக் கம்பி. சூப்பர் குளூ ஒரு துளிக்குமேல் வேண்டாம். ஈரக்காற்றில் அதன் ஆவி வெள்ளைப் படலமாகச் சிலையில் படியும். பசை கூடக்கூடப் படலமும் கூடும். இடைவெளிகளுக்கு எபொக்சி புட்டியை (இரண்டு பாகமாக வரும், பிசைந்தால் இறுகும் களி) இரு பாகமும் சம அளவாகப் பிசைந்து அடையுங்கள். பொதியில் உள்ள நேரம் வெப்பமான அறைக்கானது. 1,868 மீற்றர் உயர நுவரெலியாவின் குளிரில் இறுக அதிக நேரம் எடுக்கும். ஓர் இரவு கூடுதலாக விட்டுவிடுங்கள்.

அதிகம் கெடுவது, நிறத்துக்கு முன் டின்னிலிருந்து அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரில்தான். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மூடுபனியின் ஈரம் அதில் படிந்து நிறம் வெளிறுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் பகல்வேளைக்குக் காத்திருங்கள். ஸ்பிரே டின்னைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைக்கலாம். அடுப்போரம் மட்டும் வேண்டாம்: டின் வெடிக்கும், உள்ளிருக்கும் வாயுவும் தீப்பற்றும். அடிப்பதும் வெளியில், விறகு எரியாத இடத்தில். 20–25 சென்ரிமீற்றர் தள்ளி, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை.

காய்ந்ததும் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பாருங்கள். ஒளிந்திருந்த காற்றுக்குழிகளும் அச்சுக்கோடுகளும் அப்போதுதான் தெரியும். அவற்றை அடைத்து, நனைத்துத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் அடியுங்கள்.