அமெரிக்கப் பள்ளியில் இஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு): பெற்றோருக்கு ஒரு விளக்கம்

அமெரிக்க அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது தருகிற தாள்களில் வீட்டு மொழி பற்றிய படிவம் ஒன்று இருக்கும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பிள்ளை முதலில் பேசிய மொழி எது என்று சில கேள்விகள்தான். தமிழ் என்று எழுதினால் மட்டமான வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, நம்மவர்களில் சிலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பதிலை வைத்து வகுப்பு முடிவாவதில்லை. ஆங்கிலத் தேர்வு வைக்க வேண்டுமா என்பதுதான் முடிவாகிறது.

கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்று நான்கையும் அந்தத் தேர்வு பார்க்கும். ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இது எதற்கு என்று தோன்றலாம். நன்றாக எழுதுகிற பிள்ளைகூட, இங்கே டீச்சர் பேசும் வேகத்தைப் பிடிக்க முடியாமல் திணறுவதுண்டு. உதவி தேவை என்று தெரிந்தால் இஎஸ்எல் வகுப்பு தருவார்கள். சில இடங்களில் இதற்கு வேறு பெயர். தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள், அல்லது இஎஸ்எல் ஆசிரியர் வகுப்புக்கே வந்து கூட உட்காருவார். கட்டணம் கிடையாது.

இது பள்ளி மனமிரங்கிச் செய்யும் உதவி என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் உண்டு. இதற்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாத சுமார் 1,800 சீனப் பிள்ளைகளுக்கு எந்தக் கூடுதல் உதவியும் தராமல் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பது மட்டும் சமத்துவம் ஆகாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம்தான் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம். அதே 1974இல், மொழித் தடையை நீக்கப் பள்ளிகள் தக்க நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று நாடாளுமன்றமும் சட்டம் போட்டது. விசா இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளி உண்டு என்பது 1982இல் வந்த இன்னொரு தீர்ப்பு. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் வந்த பிள்ளைக்குச் சந்தேகமே வேண்டாம்.

இஎஸ்எல் வகுப்பில் இருப்பதால் கணக்கு, அறிவியல் பாடங்களைப் பள்ளி மறுக்க முடியாது. திறமைசாலிப் பிள்ளைகளுக்கான வகுப்பையும் ஆங்கிலம் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்க முடியாது. பலர் கேட்காமல் விட்டுவிடுவது இதைத்தான்.

பிள்ளையை இஎஸ்எல்லில் சேர்ப்பது பற்றிக் கல்வியாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் பள்ளியிலிருந்து கடிதம் வர வேண்டும். கல்வியாண்டின் நடுவில் சேர்ந்தால், இஎஸ்எல்லில் வைத்த 2 வாரத்துக்குள். உங்களுக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது சரியல்ல.

அப்புறம் ஆண்டுதோறும் ஓர் ஆங்கிலத் தேர்வு. பல மாநிலங்களில் அதன் பெயர் அக்சஸ், கலிஃபோர்னியாவில் எல்பாக். மாநிலம் வைத்திருக்கும் அளவை எட்டியதும் இஎஸ்எல்லிலிருந்து விடுவிப்பார்கள். அந்த அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், வேறு ஊரிலிருக்கும் சொந்தக்காரர் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். வெளியே வந்த பிறகும் பிள்ளை பின்தங்குகிறதா என்று பள்ளி குறைந்தது 2 ஆண்டு கவனிக்க வேண்டும்.

இஎஸ்எல் வேண்டாம் என்று மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு, எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் ஆண்டுத் தேர்விலிருந்து அதனால் தப்ப முடியாது. அளவை எட்டும்வரை பிள்ளை அதை எழுதத்தான் வேண்டும்.