எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கருக்குச் சப்வூஃபர்: பேஸ் ஏன் ஒட்டுவதில்லை?

"பேஸ் பின்தங்கி வருகிறது, பேனலோடு சேரவே இல்லை." எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கருக்கு (மின்னூட்டம் பெற்ற மெல்லிய சவ்வுப் பேனல் அதிர்ந்து ஒலி தருவது) சப்வூஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) வாங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை இது. பழியைச் சப்வூஃபரின் கனமான கோன்மீது (காற்றைத் தள்ளும் கூம்பு) போடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு இணைப்பிலும் அறையிலும்தான் இருக்கிறது.

1957-இல் வந்த எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரான குவாட் இஎஸ்எல்லை எடுத்துக்கொள்வோம். அதன் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் ஒலியை எதிரெதிராகத் தள்ளுகிறது. தாழ்ந்த சுருதியில் பின்னால் போன ஒலி சுற்றி வந்து முன் ஒலியை அழித்துவிடும். ஈடுகட்ட சவ்வு கூடுதலாக அசைய வேண்டும். அதற்கு உள்ளே இடமில்லை.

ஆகவே பேனலுக்கு ஹை-பாஸ் (தாழ்ந்த சுருதியைத் தடுத்து மற்றதை மட்டும் விடும் வடிகட்டி) கட்டாயம். 80 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் சரிவு நல்ல தொடக்கம். பேனலை முழு வீச்சில் ஓடவிட்டு அடியில் சப்வூஃபரைச் செருகினால் இரண்டும் ஒரே இடத்தில் முழங்கும், பேனலின் சிரமமும் குறையாது. இன்னொரு எச்சரிக்கை: சப்வூஃபர் வந்துவிட்டது என்று வால்யூமை ஏற்றாதீர்கள். இந்த மாடலின் வரம்பு 33 வோல்ட் உச்சம். மீறினால் ட்ரெபிள் (உயர் சுருதி) பேனலில் தீப்பொறி பாய்ந்து பேனல் பாழாகும். பின்மூடியையும் கழற்ற வேண்டாம், உள்ளே 6,000 வோல்ட் இருக்கிறது.

சப்வூஃபர் பெட்டியை நீங்களே கட்டுவதானால் துளையில்லாத மூடிய பெட்டியே என் தேர்வு. 12 அங்குல டிரைவர் (கோன் உள்ள ஒலிக்கருவி), அதன் க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற அளவு) 0.4, எஃப்எஸ் (டிரைவரின் இயல்பான ஒத்ததிர்வு) 22 ஹெர்ட்ஸ், விஏஎஸ் (டிரைவரின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) 100 லிட்டர் என்றால் 50 லிட்டர் போதும்: பெட்டியில் வைத்தபின் க்யூ சுமார் 0.7, ஒத்ததிர்வு 38 ஹெர்ட்ஸ். உள்ளளவு 40×40×34 செ.மீ.; மிஞ்சும் 4 லிட்டர் டிரைவருக்கும் குறுக்குச் சட்டத்துக்கும். 18 மி.மீ. பிளைவுட் போதும்.  பெட்டியில் எங்கும் காற்று கசியக் கூடாது.

இனி அறை. 5 மீட்டர் நீள அறை 34, 69 ஹெர்ட்ஸில் முழங்கும். பேனல் பக்கவாட்டில் ஒலியை அவ்வளவாக வீசாததால் அறையை அதிகம் கிளப்பாது. சப்வூஃபர் எல்லாத் திசையிலும் வீசும். காதில் 'மெதுவான பேஸ்' என்று விழுவது பெரும்பாலும் இந்த நீடிக்கும் முழக்கம். ஒரு பெரியதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சிறியவை மேல். மைக் வைத்து அளந்து, ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஒலி மிகும் மேடுகளை மட்டும் வெட்டுங்கள். ஒலி குறையும் பள்ளத்தை நிரப்பப் போனால் ஆம்ப்ளிஃபையர்தான் திணறும்.

கடைசியாக நேரம். சப்வூஃபர் 1 மீட்டர் பின்னால் இருந்தால் பேனலுக்கு 2.9 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். பிறகு சப்வூஃபரின் பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டு, 80 ஹெர்ட்ஸில் பள்ளம் மிக ஆழமாகும்வரை தாமதத்தை நகர்த்தி, வயரைப் பழையபடி மாட்டுங்கள். இதை உட்காரும் இடத்திலேயே அளக்க வேண்டும்.