கண்ணாடியில் குறையில்லை, சிவப்பில்தான்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக்கொடுப்பது என் தொழில். தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். அவருக்குப் புதுக் கண்ணாடி கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "பவர் ஏறிவிட்டதா, பாரம்மா" என்றார். ஏறவில்லை. பிறகுதான் நடந்ததைச் சொன்னார். கோவிலிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில், காவடி புறப்படும் நேரத்தை 6 என்பதற்குப் பதில் 8 என்று படித்திருக்கிறார். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வாழையிலைகள் மட்டும் கிடந்தனவாம்.

அந்த அழைப்பிதழை வாங்கிப் பார்த்தேன். காவிப் பின்னணியில் பளிச்சென்ற சிவப்பு எழுத்து. போனின் அமைப்புகளில் நிறங்களையெல்லாம் சாம்பலாக்கும் வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டு அவரிடமே நீட்டினேன். காவியும் சிவப்பும் அக்காள் தங்கைபோல் ஒரே சாயலில் நின்றன. புள்ளிகள் பாதி கரைந்துபோயிருந்தன.

நிறத்தின் பெயர் வேறாக இருந்தால் போதும், எழுத்து தெரியும் என்று நினைக்கிறோம். நுண்ணிய வடிவங்களைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டால்தான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு ஓர் அளவு இருக்கிறது, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம். வெள்ளையில் கறுப்பு என்றால் 21-க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய தலைப்புக்கு 3 போதும். ஆசிரியரின் அழைப்பிதழைக் கணக்கிட்டேன், 2-ஐக்கூடத் தொடவில்லை. வெள்ளையில் தூய சிவப்பே 4-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. வெள்ளையில் மஞ்சள் ஏறக்குறைய 1. அதை எழுதாமலே விட்டிருக்கலாம்.

தமிழுக்கு இது கூடுதல் தொல்லை. ண, ன, ள என்று சுழிகள் நிறைந்த எழுத்து நம்முடையது. தலைமேல் ஒரு சின்னப் புள்ளி வேறு. அந்தப் புள்ளி மங்கினால் 'பால்' 'பால' ஆகிவிடும். இளையவர்கள் ஊகித்துப் படித்துவிடுவார்கள். வயதாக ஆக விழிவில்லை மஞ்சளித்து, உள்ளே போகும் வெளிச்சமும் குறைகிறது. நம் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அது விழித்திரையைத் தொட்டால் மங்கலான வேறுபாடுகள்தான் முதலில் கைவிட்டுப்போகும். போர்ட் லூயிஸ் பஸ் நிலையத்தின் நண்பகல் வெயிலில் போனைப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிப் பரப்பில் விழும் ஒளி எழுத்தோடும் பின்னணியோடும் சேர்ந்துகொள்ள, இருந்த கொஞ்ச வேறுபாடும் போய்விடும்.

இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்துதான் கண்ணுக்கு நல்லது என்று என் அண்ணன் மகள் அடித்துச் சொல்கிறாள். எல்லாருக்கும் அல்ல. திரை இருண்டால் கண்மணி விரியும். சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாத குறை, உள்ளவர்களுக்கு அப்போது வெள்ளை எழுத்து பரவித் தெரியும், சுழிகள் அடைபடும். வெளிச்சமான அறையில் பெரும்பாலோருக்கு வெளிர் பின்னணியில் கருமையான எழுத்தே எளிது. கண்புரை உள்ள சிலருக்கோ வெள்ளைத் திரை கூசும். அவர்களுக்கு இருண்ட திரை நிம்மதி. நீலத்தின்மேல் சிவப்பை மட்டும் யாருக்கும் வைக்காதீர்கள். அந்த இரண்டு நிறங்களும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை. எழுத்து மிதப்பதுபோல் இருக்கும்.

பணத்தாளில் தமிழ் எந்த வரிசையில் வர வேண்டும் என்று 1998-இல் போராடிய சமூகம் நம்முடையது. அந்த அக்கறையில் கொஞ்சம் போன் திரைக்கும் வரலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அழைப்பிதழ் செய்யும் பையனைக் கோவிலில் பார்த்துப் பேசினேன். மங்கல நிறத்தை விட மாட்டேன் என்றான். விட வேண்டாம், காவி அப்படியே இருக்கட்டும், சிவப்பை மட்டும் கருஞ்சிவப்பாக்கு என்றேன். 5-ஐத் தாண்டியது. அதே அழைப்பிதழை மாற்றி எனக்கு அனுப்பினான். நான் ஆசிரியருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

"எல்லாம் தெரிகிறதம்மா. தைப்பூச என்பதற்குப் பிறகு க் போடவில்லை, அதுவும் தெரிகிறது."