பட்டாளம்

சென்னையில் ஓட்டேரிப் பக்கம் ஷேர் ஆட்டோவில் ஏறி "பட்டாளம் ஒண்ணு" என்றால் மணிக்கூண்டு அருகே இறக்கிவிடுவார்கள். வாயில் நன்றாகப் பழகிவிட்ட பெயர் என்பதால் வெளியூர்ச் சொல் என்றே தோன்றாது. ஆனால் அது ‘பட்டாலியன்’தான். இத்தாலிய மொழியில் ‘பத்தாலியா’ என்றால் போர். அதிலிருந்து கிளைத்த சொல் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. எல்லாவற்றுக்கும் வேர், அடிப்பதைக் குறிக்கும் ஒரு லத்தீன் வினை. (மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர்முழக்கம் "வீர மெட்ராஸி, அடி கொல்லு"; பொருத்தம்தான்.) வேடிக்கை என்னவென்றால், அதே சொல் நம்மிடம் இன்னொரு முறையும் வந்திருக்கிறது. ஆவடியில் சிறப்புக் காவல் படை இருக்கும் இடத்தைப் ‘பட்டாலியன்’ என்றே சொல்கிறோம்.

ராணுவக் கணக்கில் ஒரு காலாட்படை பட்டாலியனில் சுமார் 800 பேர். நமக்கு மொத்த ராணுவமும் பட்டாளம். கல்யாணத்துக்கு வேனில் வந்து இறங்கும் சொந்தக்காரர்களும் பட்டாளம்தான்.

தமிழில் படை, தானை என்ற பழைய சொற்கள் உண்டு. பட்டாலியனுக்குப் ‘படையணி’ பொருந்தும். வெறும் ‘படை’ என்றால் தோலில் வரும் அரிப்பும் கூடவே நினைவுக்கு வந்து தொலைக்கும். ஓய்வுபெற்றவரை அரசுக் கடிதங்கள் ‘முன்னாள் படைவீரர்’ என்கின்றன. நல்ல சொல், ஆனால் தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ‘பட்டாளத்துக்காரர்’தான். அந்தப் பெயருக்குள் மரியாதையும் சேர்ந்தே வருகிறதா என்பது வேறு விஷயம். படைக்குக் காவல் எவை என்று சொல்லும் குறள் (766) மறத்தோடு நிறுத்தவில்லை. மானம், மாண்ட வழிச்செலவு (நல்ல வழியில் நடப்பது), தேற்றம் (நம்பிக்கைக்கு உரியதாக இருப்பது) என்று மேலும் மூன்றைக் கேட்கிறது. வீரத்துக்குக் கிடைப்பது நாலில் ஒரு பங்குதான்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். கேன்டீன் சரக்கு உள்ளே போனால் "நான் பார்டர்ல நின்னவன்" என்று ஆரம்பித்துவிடுவார். தண்ணி லாரி வந்தால் அவர் குடம்தான் முதலில் நிற்கும். ஒன்றிரண்டு வருஷம் விட்டுக்கொடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் எதிர்வீட்டு அக்கா அந்தப் பச்சைக் குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிட்டு, "பார்டர்ல நின்னீங்கல்லண்ணே, லைன்லயும் நில்லுங்க" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

நாலு வீடு தள்ளி இன்னொருவர், அவரும் ராணுவத்தில் ஓய்வுபெற்றவர். மழைத்தண்ணீர் முழங்காலுக்கு ஏறிய இரவில் பக்கத்து வீட்டுப் பாட்டியை முதுகில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோனார். எந்த ரெஜிமெண்ட் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. தபால்காரர் "பட்டாளத்துக்காரர் வீடு எது?" என்று கேட்டால் தெரு காட்டுவது இவர் வீட்டைத்தான்.