கிரைண்டர் பற்றித் தேடுகிறவர் வேறு, கிரைண்டர் வாங்க வருகிறவர் வேறு

"இட்லி மாவுக்கு எத்தனை அரிசிக்கு எத்தனை உளுந்து" என்று கூகுளில் தட்டுகிறவர் வீட்டில் கிரைண்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கிரைண்டர் விற்கும் இணையதளத்துக்கு அவரை அழைத்து வந்தால், அளவைப் பார்த்துக்கொண்டு மாவு கரைக்கப் போய்விடுவார். மாதம் 10,000 பேர் வந்தும் ஆர்டர் விழவில்லை என்று புலம்பும் தளங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: வந்தவர்கள் எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள்?

தேடலில் கூடும் ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு முடிவு. வெறும் "கிரைண்டர்" என்று தேடுகிறவர் வெல்டிங் பட்டறைக்கு ஆங்கிள் கிரைண்டர் தேடலாம், காபிக்கொட்டை அரைக்கத் தேடலாம். "டேபிள் டாப் கிரைண்டர்" என்றால் மாவரைக்கத்தான். "2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் விலை" என்று தட்டுகிறவரோ வீட்டில் எத்தனை பேர், கல்லைத் தூக்கி மாவெடுக்க முதுகு ஒத்துழைக்குமா என்பதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டார். அவருக்கு மிச்சமிருப்பது விலையும் டெலிவரியும்தான். "2 கல் நல்லதா 3 கல் நல்லதா" என்று கேட்கிறவரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறார். வாங்குவது உறுதி, எதை என்பதில்தான் தயக்கம். விலை என்ற சொல் அதில் இல்லையே என்று இவரைத் தள்ளிவிடுவது பல கடைக்காரர்கள் செய்யும் தவறு.

"கிரைண்டர் மோட்டார் சத்தம் வருது, சுத்தல" என்பது பார்க்கப் பழுது பற்றிய கேள்விதான். ஆனால் மோட்டார் உறுமிக்கொண்டு டிரம் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் பாகம்) பலவீனமாகியிருக்கும், இல்லாவிட்டால் பெல்ட் தேய்ந்து வழுக்கும். இரண்டும் விற்கிற பொருட்கள். அந்தப் பக்கத்திலேயே மாடல் வாரியாகப் பெல்ட் அளவையும் கெபாசிட்டரின் மைக்ரோஃபாரட் அளவையும் விலையோடு போட்டால் அது விற்பனைப் பக்கம். போடாவிட்டால், படித்தவர் தெருமுனை மெக்கானிக்கைத் தேடிப் போவார்.

குறைவாகத் தேடப்பட்டாலும் விற்பனை தரும் சொல்லுக்கு நல்ல உதாரணம் "110 வோல்ட் கிரைண்டர்". அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய நம்மவர்கள் தேடும் சொல் இது. இந்த எண்ணைத் தட்டுகிறவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவராக இருக்க வாய்ப்பு குறைவு. அவர் பயப்படுவது எதற்கு என்பதைப் பக்கம் அறிந்திருக்க வேண்டும். நம் ஊர் மெஷினை 230 வோல்ட் கன்வெர்ட்டரில் மாட்டினாலும், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் அதில் ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். ஆகவே "110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அமெரிக்க பிளக்" என்று மூன்றையும் தலைப்புக்குக் கீழேயே எழுதுங்கள். வாரண்டி அந்த நாட்டில் செல்லுமா, கல்லோடு சேர்த்து மொத்த எடை எத்தனை கிலோ, கூரியர் கட்டணம் யாருடையது என்பதும் அதே திரையில் தெரிய வேண்டும்.

இனி, இந்தச் சொற்களை எங்கே பிடிப்பது? தளம் ஆறு மாதமாவது ஓடியிருந்தால் முதலில் திறக்க வேண்டியது சர்ச் கன்சோல், அதாவது எந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் கூகுள் தேடலில் வந்தது என்று காட்டும் கூகுளின் கருவி. அது 16 மாதத் தரவை வைத்திருக்கும். செயல்திறன் அறிக்கையில் தேடல் சொல்லுக்கான வடிகட்டியில் ரீஜெக்ஸை (பல சொற்களை ஒரே வரியில் தேடும் முறை) தேர்ந்தெடுத்து, விலை|ரேட்|வாங்க|எது நல்ல|டெலிவரி என்று நடுவில் செங்குத்துக் கோடு போட்டுக் கொடுங்கள். "வாங்க" என்று கொடுத்தாலே வாங்கலாமா, வாங்குவது எல்லாம் அகப்படும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களே ஏராளம் என்பதால் இதே சொற்களை அந்த எழுத்திலும் சேருங்கள்.

இங்கே நம் ஊருக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. "விலை" என்ற வடிகட்டியில் "விலையில்லா கிரைண்டர்" என்று தேடியவர்களும் வந்து விழுவார்கள். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தந்த சொல் அது. அவர்கள் காசு கொடுத்து வாங்க வந்தவர்கள் அல்லர். எண்ணைக் கூட்டுவதற்கு முன் அந்த வரிகளைக் கழித்துவிடுங்கள்.

மிஞ்சும் பட்டியலில், கூகுள் முடிவுகளில் சராசரி இடம் 8 முதல் 20 வரை இருந்து, பலர் கண்ணில் பட்டும் கிளிக் விழாத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பக்கம் எழுதுவதைவிட இந்தப் பக்கங்களைச் சரிசெய்வது சீக்கிரம் பலன் தரும்.

புதிய தளமென்றால் கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் கணக்குத் தொடங்கி, ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கீவேர்ட் பிளானரைப் பாருங்கள். விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்கு அது மாதத் தேடல் எண்ணிக்கையைப் பெரும்பாலும் 100 முதல் 1,000 வரை என்பதுபோல் அகலமான வரம்பைத்தான் காட்டும். அதைவிட உதவுவது, பக்கத்தின் மேலிடத்துக்கு விளம்பரதாரர்கள் கொடுக்கும் ஏலத்தொகை. ஒரு கிளிக்குக்குப் போட்டி போட்டுப் பணம் கட்டுகிறார்கள் என்றால் அங்கே வியாபாரம் நடக்கிறது. "போட்டி" என்ற நெடுவரிசையைப் பார்த்து, தேடல் முடிவில் இடம் பிடிப்பது கடினம் என்று முடிவெடுக்காதீர்கள். அது விளம்பரதாரர்களுக்குள் உள்ள போட்டி. தேடல் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு மட்டும் காட்டினால் யாருமே தேடவில்லை என்றும் பொருளல்ல. நுணுக்கமான சொற்களுக்கு, அதுவும் தமிழ் எழுத்தில், பல நேரம் அப்படித்தான் காட்டும்.

சொல்லைத் தேர்ந்ததும் எழுத உட்காராதீர்கள். உங்கள் பழைய தேடல்கள் கலக்காத இன்காக்னிட்டோ சன்னலில் அதையே தட்டிப் பாருங்கள், தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை. இரண்டுக்கும் முடிவுகள் வேறாக இருப்பது சகஜம். முதல் பக்கம் முழுக்க அமேசானும் ஃபிளிப்கார்ட்டுமாக இருந்தால் சிறு கடை அந்தச் சொல்லில் மோதுவது வீண். லிட்டர், கல், ஊர் என்று இன்னும் ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டு விலகி நில்லுங்கள். மேலே வரைபடமும் மூன்று கடைகளும் வந்தால் கட்டுரையை விட வரைபடத்தில் கடையைக் காட்டும் உங்கள் கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்குத்தான் வேலை. பழைய யூடியூப் வீடியோக்களும் பாதி விடை சொல்லும் பக்கங்களுமாகக் கிடந்தால் அங்கே இடம் காலி. "கிரைன்டர்" போன்ற பிழை வடிவங்களைப் பக்கமெங்கும் தூவ வேண்டாம். பரவலான பிழைகளைக் கூகுளே புரிந்துகொள்ளும். படிக்கிறவருக்குத்தான் அது கண்ணை உறுத்தும்.

பக்கத்தில் விலை எழுத்தாக இருக்க வேண்டும். பண்டிகைப் போஸ்டர் படத்துக்குள் விலையை அடைத்து வைப்பதை நம்மவர்கள் ஏன்தான் விடமாட்டேன் என்கிறார்களோ! ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆடித் தள்ளுபடிக்கும் தை, வைகாசிக் கல்யாணச் சீருக்கும் பக்கம் போடுகிறவர்கள் பக்கத்தின் இணைய முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல், ஒரே பக்கத்தை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பியுங்கள், அதையும் சீசனுக்கு ஆறேழு வாரம் முன்பே.

எந்தச் சொல்லைத் தட்டி வந்தவர் வாங்கினார் என்பதை, தள வருகையை அளக்கும் கூகுள் அனலிடிக்ஸ் ஆளுக்கு ஆள் காட்டாது. தேடலைக் கூகுள் 2011-லிருந்து படிப்படியாக மறையாக்கம் செய்ததில் (பிறர் படிக்க முடியாதபடி மறைத்ததில்) அந்த வழி அடைபட்டது. அதனால்தான் ஒரு நோக்கத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிப்பது அவசியமாகிறது: எந்தப் பக்கத்தில் இறங்கினார் என்பது தெரிந்தால் எந்த வகைச் சொல் என்பதும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பொத்தான் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. ஒவ்வொரு பக்கத்தின் இணைப்பிலும் முன்கூட்டியே ஒரு வாசகத்தைப் பதிந்து வைக்கலாம். "110 வோல்ட் கிரைண்டர் பற்றிக் கேட்கிறேன்" என்று செய்தி வரும்போதே வந்த வழி புரிந்துவிடும்.

கூகுளின் முதல் பக்கத்தில் 50 சொற்களுக்கு உங்கள் தளம் வருகிறது என்று மாத அறிக்கை தரும் ஏஜென்சியிடம் அந்த 50 என்னென்ன என்று கேளுங்கள். கடையின் பெயரும் யாருமே தேடாத நீண்ட வாக்கியங்களும் அதில் பாதியாக இருக்கலாம். முதலிடம் உறுதி என்று சொன்னால், அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

சந்தேகமான சொல்லுக்கு மாதக்கணக்கில் உழைப்பதற்கு முன், இரண்டு வாரம் சிறு தொகையில் கூகுள் ஆட்ஸில் எக்ஸாக்ட் மேட்ச் விளம்பரம் (குறிப்பிட்ட சொல்லைத் தேடுகிறவருக்கு மட்டும் என்று அமைப்பது) ஓட்டிப் பார்க்கலாம். எக்ஸாக்ட் என்று பெயரே தவிர, அதே பொருள் தரும் வேறு தேடல்களுக்கும் கூகுள் காட்டும். ஆகவே தேடல் சொற்கள் அறிக்கையை இரண்டு நாளுக்கொரு முறை திறந்து, வேண்டாத சொற்களை நெகட்டிவ் பட்டியலில், அதாவது விளம்பரம் காட்டக் கூடாத சொற்களின் பட்டியலில் ஏற்றுங்கள். அங்கே தாராளம் கிடையாது: "இலவச" என்பதைத் தடுத்தால் "விலையில்லா" நிற்காது, "ஃப்ரீ" நிற்காது, "இலவசமாக" கூட நிற்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியே, இரண்டு எழுத்திலும் ஏற்ற வேண்டும்.