மார்கழியில் உப்பு கீழே இறங்கும்

குளிர்காலக் காய்கறித் தோட்டம் என்று தேடினால் கிடைக்கும் அறிவுரையில் பாதி, பனியிலிருந்து செடியைக் காப்பாற்றுவது பற்றித்தான் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன் ஊர்களில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். சுற்றிலும் கடல். பகலில் வாங்கிய சூட்டை அது இரவெல்லாம் மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். ஆசைப்பட்டு முட்டைக்கோசு நட்டால் இலை நன்றாக விடும், உருண்டை பிடிக்கத்தான் அடம்பிடிக்கும்.

அப்படியிருந்தும் ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரைதான். குளிரைவிட இங்கே கணக்கு உப்பில் இருக்கிறது.

வேரின் செல்லுக்குள் சர்க்கரையும் தாதுக்களும் கரைந்திருக்கின்றன. வெளியே மண்ணில் உள்ள ஈரம் அதைவிட நீர்த்ததாக இருக்கும்வரை தண்ணீர் தானாக உள்ளே வரும். மண்ணின் ஈரத்தில் உப்பு ஏற ஏற இந்த வித்தியாசம் குறைகிறது, செடி தண்ணீருக்குத் திண்டாடுகிறது. ஊறுகாய்க்கு மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் நீர் விடுகிறதே, அதே சவ்வூடு பரவல்தான் இதுவும். மண் ஈரமாக இருக்கும்போதே கத்தரிச் செடி உச்சி வெயிலில் தொங்கிப் போவது இதனால்தான். பாவமே என்று உவர்க் கிணற்றுத் தண்ணீரை இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம். சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

இந்த உப்பை இறக்குவது வடகிழக்குப் பருவமழை. மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. ஓரடி ஆழ மண்ணின் வழியாக ஓரடி உயரத் தண்ணீர் இறங்கினால், அதிலுள்ள உப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் வேருக்குக் கீழே போய்விடும் என்பது மண்ணியலில் பழைய கணக்கு. கரையோர மணல் தண்ணீரை நிறுத்தாது என்று குறைப்படுகிறோம், ஆனால் உப்பைக் கழுவ அதே குணம்தான் உதவுகிறது. மழைக்கு முன்பே பாத்தி கட்டி வரப்பு உயர்த்தி வைத்தால் விழுகிற தண்ணீர் ஓடிப்போகாமல் அங்கேயே இறங்கும்.

மழை நின்றதும் எல்லாம் தலைகீழாகும். வெயில் மேல்மண்ணைக் காயவைக்கும், மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியாகக் கீழ் ஈரம் மேலே ஏறும், கூடவே உப்பும் வரும். மண்ணை நீளவாக்கில் மேடாக அணைத்துப் பார் போட்ட தோட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரு பக்கமும் தண்ணீர் பாயும் சாலிலிருந்து ஈரம் ஏறி வந்து பாரின் உச்சியில் சந்திக்கும், அங்கே வெள்ளையாகப் பூத்து நிற்கும். நாற்றை உச்சியில் நட்டால் உப்பின் நடுவில் நட்டதாகிவிடும், சரிவின் நடுவில் நடுவதே சரி. சொட்டுநீர் போட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். ஈரவட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட உப்பை ஒரு சின்னத் தூறல் கரைத்து மறுபடி வேருக்கே கொண்டுவரும். அதனால் லேசாகத் தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் அதுதான் முறை.

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் அருகே வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள் இருக்கும் நன்னீர்க் கிணறு. தீவின் மணலுக்கடியில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். மழைநீர் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட 2.5 சதவீதம்தான் கனம். அதனால் நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே இருந்தால், கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மோட்டார் போட்டு மட்டத்தை ஓரடி இறக்கினாலோ கீழிருக்கும் உவர்நீர் வேகமாக மேலே எழும்பும். தோட்டத்துக்கு ஆழ்துளையைவிட, ஆழமில்லாத ஊற்றில் வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே மேல்.

உப்பு காற்றிலும் வரும். தேவிபட்டினம், தொண்டி போன்ற பாக்கு விரிகுடாக் கரையில் இந்த மாதங்களில் வாடைக்காற்று அலைத் திவலைகளை அள்ளி வந்து இலையில் பூசும். இலை விளிம்பு தீய்ந்திருந்தால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். காற்றைப் பார்த்த பக்கம் மட்டும் என்றால் திவலை, நல்ல தண்ணீரில் இலையைக் கழுவினால் போதும். எல்லாப் பக்கமும் அடியிலைகளில் என்றால் வேர் வழியாக ஏறிய உப்பு. காற்றைத் தடுக்க மதில் சுவரைவிடப் பனையோலை வேலி நல்லது. சுவரில் மோதிய காற்று மேலேறிப் பின்னால் சுழன்று விழும், ஓலை இடுக்கில் புகுந்த காற்று வேகம் குறைந்துவிடும்.

எதை நடுவது? ஈர மண்ணிலிருந்து பிரித்த மண்சாற்றில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை டெசிசைமன் என்ற அலகில் அளப்பார்கள், உப்பு கூடினால் எண்ணும் கூடும். பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் 1-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையும். தக்காளி 2.5 வரை தாங்கும், அதற்கு மேல் காய் சிறுக்கும், இனிப்பு கொஞ்சம் கூடும். பீட்ரூட் 4, காராமணி ஏறத்தாழ 5, கொத்தவரை 8-க்கும் மேல். குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சரக்குதான், ஆனாலும் மிளகாய்க்கு 1.5 தான் எல்லை. வளர்ந்தபின் உப்பைத் தாங்கும் பீட்ரூட்கூட முளைக்கும் பருவத்தில் தாங்காது, அதனால் விதைப்பு மழை ஓய்ந்த கையோடு நடக்க வேண்டும். தொட்டியில் வளர்ப்பவர்கள் தென்னை நார்க்கழிவை அப்படியே கொட்டக் கூடாது. அதில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மாசி முடியும்போது கொத்தவரையும் காராமணியும் மட்டும் நிற்கட்டும். காய்த்து ஓய்ந்த மற்ற செடிகளை அறுத்து அதே பாத்தியில் மூடாக்காகப் போட்டு, மேலே ஓலையும் பரப்பிவிடலாம். பங்குனி, சித்திரை வெயிலில் மண் வெறுமையாகக் கிடந்தால்தான் உப்பு வேகமாக மேலேறும்.