பத்து நாள் படுக்கை, ஒரு கிலோ தசை

பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு பாட்டி, நிமோனியாவுக்காகப் பத்து நாள் வார்டில் படுத்திருந்துவிட்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது. ஆனால் போன மாதம் பசாருக்குத் தனியாக நடந்துபோய் மீன் வாங்கி வந்தவருக்கு, இன்று டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். ‘வயசாச்சு, நோய் ஆளை உருக்கிடுச்சு’ என்கிறோம். நோய் தனியாக உருக்கவில்லை. படுக்கையும், பாதி சாப்பிட்டு மூடிவைத்த தட்டும் அதற்குக் கூட்டு.

வயதாக ஆகத் தசை மெல்லக் குறைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். அது ஆண்டுக்கணக்கில் நடப்பது. நோய்க்கோ எலும்பு முறிவுக்கோ பிறகு அதே இழப்பு சில நாட்களில் நடந்துவிட்டால் அது திடீர் சார்கோபீனியா.

தசையில் உள்ள புரதம் இரவும் பகலும் உடைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. சாப்பாடும், உடல் எடையைக் கால்கள் தாங்குவதும்தான் உருவாக்கும் வேலையைத் தூண்டுகின்றன. படுத்துவிட்டால் கால்களுக்குச் சுமை இல்லை. அந்த வேலை உடனே மந்தமாகிறது. இன்னொரு பக்கம், தொற்றை எதிர்க்கும் அழற்சி வேதிப்பொருள்களும் கார்ட்டிசோல் ஹார்மோனும் ஏறுகின்றன. இவை தசைச் செல்லுக்குள் இருக்கும் உடைப்பு எந்திரத்தை முடுக்கிவிடுகின்றன. யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம் எதை உடைக்க வேண்டுமோ அதில் அடையாளம் ஒட்டும். அந்த எந்திரமான புரோட்டியசோம் அதை நறுக்கிப்போடும்.

உடல் தன்னையே ஏன் இப்படி அரிக்கிறது? புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் அதற்கு அவசரமாகத் தேவை. நோயோடு போராடும் புரதங்களைக் கல்லீரல் செய்ய வேண்டும், வெள்ளணுக்களுக்கு குளுட்டமின் என்ற அமினோ அமிலம் வேண்டும். நோயாளியோ இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. தசைதான் உடலின் சேமநிதி. அவசரத்துக்கு அதிலிருந்துதான் எடுக்கும். இளைஞர்கள் எழுந்து நடமாடிச் சாப்பிட்டுச் சில வாரங்களில் எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். முதியவர்களுக்கு இருப்பே குறைவு. போதாததற்கு, அதே முட்டையைச் சாப்பிட்டாலும் முதிய தசை முன்புபோல் அதற்கு இசைந்து வளர்வதில்லை.

படுக்கை மட்டுமே எவ்வளவு பறிக்கும் என்பது 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தெரிந்தது. சராசரி 67 வயதான, நோய் எதுவும் இல்லாதவர்களை 10 நாள் படுக்கவைத்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடும் உண்டு. அப்படியும் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ போய்விட்டது. இதில் காய்ச்சலையும் அழற்சியையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் அடி வாங்குவது தொடையும் கெண்டைக்காலும். நிற்க வைப்பவை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏற்றுபவை அவைதான். கையில் இழப்பு அவ்வளவு இல்லை. அதனால் பாட்டி மைலோ கோப்பையைத் தானே பிடித்துக் குடிப்பார். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. காலில் நீர் கோத்திருந்தால் எடையும் குறைந்ததாகக் காட்டாது. வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். உறுதியான நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், 2019-இல் வந்த ஆசிய வழிகாட்டுதல்படி, சார்கோபீனியா இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நாம் பாசத்தோடு சொல்லும் ‘அசையாம படுங்கம்மா’தான் இங்கே பெரிய கெடுதல். டாக்டர் தடுக்காதவரை, வார்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும், கைப்பிடித்து டாய்லெட்டுக்கு நடக்கட்டும். ஸ்பெயினில் சராசரி 87 வயது நோயாளிகளுக்கு மருத்துவமனையிலேயே தினம் இரண்டு வேளை சிறு உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் சேர்ந்தபோது இருந்ததைவிடத் தளர்ந்து வீடு திரும்பினார்கள், பயிற்சி செய்தவர்கள் தேறித் திரும்பினார்கள்.

அப்புறம் சாப்பாடு. நோயுற்ற முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 50 கிலோ பாட்டிக்கு 60 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று கிராம்தான் தேறும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. கஞ்சியில் முட்டையை அடித்து ஊற்றுங்கள், மீனை உதிர்த்துப் போடுங்கள். சைவம் என்றால் சோயாவில் செய்த தெம்பே, தவ்ஃபூ, இல்லை பருப்பு. ஆபரேஷன் ஆனவருக்கு ஹாருவான் (விரால்) மீன் தேடிப்பிடித்து சூப் வைப்பது நம் ஊர் வழக்கம். நல்லதுதான், ஆனால் சாற்றை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுச் சதையைத் தள்ளிவிடாதீர்கள். புரதத்தில் பெரும்பங்கு சதையில் இருக்கிறது.

போன தசை தானாகத் திரும்பாது. அது போன வேகத்தைவிட வருவதற்குப் பல மடங்கு நாளாகும். டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டு வாங்கும்போதே பிசியோவுக்கும் ஒரு தேதி கேட்டு வாங்கிவிடுங்கள்.